கடைமடை மின்சாரம்

(தொடர் – 11)

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவது பங்காரு வாய்க்காலில். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையை விட்டுப் பிரிந்து வரும் அந்த வாய்க்கால் ஏரியை நிறைத்தால்தான் சுற்றுவட்டாரத்தில் சம்பா. மதகைத் திறந்தால் தலைமடைக்காரர் வயலில் அன்றைக்கே நீர் நிற்கும். கடைமடைக்காரரோ தோளில் மண்வெட்டியும் கையில் அரிக்கேன் விளக்குமாக ராத்திரியெல்லாம் வாய்க்காலோரம் நடந்துகொண்டிருப்பார். வழியில் யார் மடையை வெட்டிக்கொண்டார்கள் என்று பார்க்க வேண்டுமே. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் வயதான விவசாயிகளிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கடைமடைத் துயரம் எப்படியும் வந்துவிடும்.

சென்ற பகுதியில் மின்கம்பங்கள் வயலுக்குள் இறங்கிய காலத்தைப் பார்த்தோம். பம்ப்செட் வந்துவிட்டால் ஏரியை எதிர்பார்க்க வேண்டாம், வாய்க்காலில் காவல் கிடக்க வேண்டாம் என்று நம்பினார்கள். பாதி நம்பிக்கை பலித்தது. மீதிப் பாதியைக் கம்பி விழுங்கியது. வாய்க்காலுக்கு இருப்பதுபோலவே மின்கம்பிக்கும் கடைமடை உண்டு என்பதை மோட்டார்க் காயில்கள் எரிந்த பிறகே ஊர்கள் தெரிந்துகொண்டன. ஏன் எரிந்தன என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். ஆனால் அந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் கண்டுபிடிக்க ஒரு பள்ளி ஆசிரியர் பட்ட பாடு பெரிது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

1826 அக்டோபரில் புதுச்சேரி ஆளுநர் தெபசேன் த ரிஷ்மோன் ராயல் கல்லூரியைத் திறந்தார். இன்றைக்குப் பிரெஞ்சு லிசே என்று நாம் அறியும் பள்ளி அதுதான். அதே ஆண்டில், ஜெர்மனியின் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்துவந்த ஜார்ஜ் சைமன் ஓம், செம்புக் கம்பிகளை நறுக்கி வைத்துக்கொண்டு ஒரு சோதனையில் மூழ்கியிருந்தார். ஓமின் தந்தை பூட்டுத் தொழிலாளி. முறையாகப் படிக்காதவர், ஆனால் தானே கணக்கும் அறிவியலும் கற்றுப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். அந்தப் பட்டறையில் வளர்ந்த கை ஆனதால் ஓம் தம் கருவிகளைத் தாமே செய்துகொண்டார்.

எட்டுக் கம்பிகள். எல்லாம் ஒரே தடிமன். நீளம் மட்டும் 2 அங்குலம், 4, 6, 10, 18, 34, 66, கடைசியாக 130 அங்குலம். ஒவ்வொன்றாகச் சுற்றில் இணைத்து, எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளக்க வேண்டும். அளக்க மீட்டர் கிடையாது. கம்பியின் மேலே நூலில் ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டார். மின்னோட்டம் போனால் ஊசி திரும்பும். அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவர நூலை எத்தனை பாகை முறுக்க வேண்டியிருக்கிறதோ, அதுதான் அளவு. முந்தைய ஆண்டு செய்த சோதனைகளில் மின்கலம் அளந்துகொண்டிருக்கும்போதே சோர்ந்துபோய்க் கணக்கைக் கெடுத்தது. போகென்டார்ஃப் என்ற அறிஞர் ஒரு யோசனை சொன்னார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தால் ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரம் கிடைக்கும். அப்படியே செய்தார் ஓம். முடிவு தெளிவாக வந்தது. கம்பி நீள நீள மின்னோட்டம் ஒரு கணக்கோடு குறைந்தது.

அடுத்த ஆண்டு, 1827-இல், புத்தகமாக எழுதினார். வரவேற்பு இல்லை. கொலோன் வேலையை விட்டு பெர்லினில் சில மணி நேரப் பாடங்கள் எடுத்துக் காலம் தள்ளினார். 1833-இல் நியூரம்பர்க்கில் ஒரு வேலை கிடைத்தது. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த நாடு திரும்பிப் பார்த்தது. மியூனிக்கில் அவர் விரும்பிய பேராசிரியர் பதவி 1852-இல் கைக்கு வந்தது. 1854-இல் இறந்துபோனார். பிரான்சில் குளோட் பூயே 1837 வாக்கில் தனியே அளந்து இதே முடிவுக்கு வந்தார். கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மின்தடையோடு இணைக்கும் விதி பிரெஞ்சுப் பாடப்புத்தகங்களில் பூயே பெயரில்தான் இருக்கிறது. 1881-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற பெயர்களை முடிவுசெய்தது.

விதி இதுதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது மின்திறன். வீட்டில் இருக்கும் 750 வாட் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 240 வோல்ட்டில் அது 750-ஐ 240-ஆல் வகுத்த அளவு, அதாவது 3.125 ஆம்பியர் இழுக்கும். 240-ஐ 3.125-ஆல் வகுத்தால் 76.8 ஓம், அது பெட்டிக்குள் இருக்கும் சுருளின் தடை. குண்டு பல்பில் மட்டும் இந்தக் கணக்கு மாணவர்களைக் குழப்பும். 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி 960 ஓம் வர வேண்டும். அணைந்திருக்கும் பல்பில் மல்டிமீட்டரை வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது. கணக்கில் பிழையில்லை. டங்ஸ்டன் இழை வெண்சூடு ஏறும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது.

ஓமைவிட நம் விவசாயிக்கு நெருக்கமானவர் என்று நான் நினைப்பது ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு ஊரில் பீர் வடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. தண்ணீர்ச் சாடிக்குள் கம்பிச்சுருளை வைத்து மின்சாரம் பாய்ச்சி, வெப்பமானியில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார். 1841-இல் அவர் வெளியிட்ட முடிவு: கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. இந்த ‘வர்க்கம்’ என்ற ஒன்று இல்லாமலிருந்தால் பாகூரில் எத்தனையோ காயில்கள் பிழைத்திருக்கும்.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

புதுச்சேரி மண்ணில் நீர் ஒரு காலத்தில் தானே பொங்கியது. 1870-களின் பிற்பகுதியில் சவானா ஆலையில் ஆழத் துளையிட்டபோது நீர் தரைக்கு மேலே எழும்பி வந்தது. அதைப் பார்க்க சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் 1880-இல் இந்த ஊற்றுக் கிணறுகளைப் பற்றி எழுதி, சென்னையிலும் இப்படிக் கிடைக்குமா என்று ஆராய்ந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பாகூரிலும் துளையிட்டார்கள். தண்ணீருக்காகப் போட்ட அந்தத் துளையில் ஆழத்தில் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. நெய்வேலி என்ற பெயரை உலகம் கேட்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்தது இது. நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளி, நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்து ஆழ்கிணற்றில் 1930-களில் கரும்பொருள் வெளிவந்ததுதான் ஊரறிந்த கதை. பாகூர்த் துளையை யாரும் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி. அதே 1962 மே மாதம் நெய்வேலி அனல்மின் நிலையத்தின் முதல் 50 மெகாவாட் இயந்திரம் ஓடத் தொடங்கியிருந்தது. எல்லைக்கோடு போன பிறகு கம்பி போட வசதியாயிற்று. பாகூர் கொம்யூனைச் சுற்றிலும் அன்றைய தென்னார்க்காட்டு ஊர்கள்தான். ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் தமிழ்நாடு என்று கிடக்கும் நிலத்தில் எந்தக் கம்பி எந்த மின்மாற்றியில் முடிகிறது என்பதை லைன்மேன்களே சொல்ல வேண்டும்.

பம்ப்செட்டுகள் பெருகின. பொங்கிய நீர் அடங்கியது, பிறகு இறங்கியது. இங்கேதான் முதல் கணக்கு. ஒரு நொடிக்கு 10 லிட்டர் நீரை 10 மீட்டர் உயர்த்த 981 வாட் வேண்டும். அதே நீரை 30 மீட்டரிலிருந்து தூக்க 2,943 வாட். பம்பின் திறன் 60 விழுக்காடு என்று வைத்தால் 1.6 கிலோவாட் போதுமாயிருந்த இடத்தில் 4.9 கிலோவாட் தேவை. நீர்மட்டம் மூன்று பங்கு இறங்கினால் ஆம்பியரும் மூன்று பங்கு. வயலுக்கு வரும் கம்பியில் வெப்பமாக வீணாவதோ, ஜூல் சொன்ன கணக்கில், ஒன்பது பங்கு. மூன்று ஹெச்.பி. போட்டவர் ஐந்துக்கு மாறினார், ஐந்து போட்டவர் ஏழரைக்கு மாறினார். கம்பி மட்டும் பழைய கம்பியாகவே இருந்தது.

ஹெச்.பி. என்றதும் ஒரு சிறு செய்தி. ஆங்கிலேயர் குதிரைத்திறன் 746 வாட். பிரெஞ்சுக்காரர்களுடையது 735.5 வாட். பத்து வாட் வித்தியாசம் வயலில் தெரியாது. இன்றைய மோட்டார்ப் பலகையில் 3.7 கிலோவாட், 5 ஹெச்.பி. என்று இரண்டும் போட்டிருக்கும்.

ஒரு மாதிரி லைனை வைத்துப் பார்ப்போம். மின்மாற்றியில் மூன்று பேஸுக்கும் சரியாக 415 வோல்ட், அதாவது ஒவ்வொரு பேஸிலும் 240. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கடைசிக் கம்பம். கம்பி, கிராமத்து லைன்களில் போடும் சிறிய அலுமினியக் கம்பி. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 ஓம் தடை. கடைசிக் கம்பத்தருகே ஐந்து கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு 5 ஹெச்.பி. மோட்டார்.

மோட்டார் தண்டில் 3.73 கிலோவாட் வேண்டும். மோட்டாரின் திறன் 80 விழுக்காடு என்றால் கம்பியிலிருந்து 4.66 கிலோவாட் எடுக்கும். பவர் ஃபேக்டர், அதாவது ஓடும் ஆம்பியரில் வேலைக்கு உதவும் பங்கு, 0.85. மூன்று பேஸ் கணக்கில் 4,660-ஐ 1.732, 415, 0.85 ஆகியவற்றின் பெருக்கலால் வகுத்தால் 7.6 ஆம்பியர். ஐந்து மோட்டாரும் சேர்ந்து 38 ஆம்பியர். கம்பியின் 0.9 ஓமோடு பெருக்கினால் 34 வோல்ட். அவ்வளவும் வழியிலேயே போயிற்று. கடைசிக் கம்பத்தில் பேஸுக்கு 206 வோல்ட்தான் மிச்சம். மூன்று பேஸ் மீட்டரில் 356 என்று காட்டும்.

இஸ்திரிப் பெட்டியாயிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். அதன் தடை 76.8 ஓம், மாறுவதில்லை. வோல்டேஜ் 200 ஆனால் அதன் ஆம்பியரும் 2.6 ஆகக் குறையும், 750 வாட் 521 ஆகும், துணி கொஞ்சம் மெதுவாகத் தேயும். மோட்டார் அப்படிப்பட்டதில்லை. தண்ணீர்க் குழாயின் எடை அதன் தலைமேல் இருக்கிறது. வேகம் சற்றே குறைந்தாலும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தாக வேண்டும். வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கினால் வருவதுதான் வாட் என்றபோது, வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டித்தானே ஈடுகட்ட முடியும்? 7.6 இழுத்த மோட்டார் 9 ஆம்பியர் இழுக்கிறது. ஐந்துக்கும் 45. இப்போது வழியில் போவது 40 வோல்ட்டுக்கு மேல். கடைசிக் கம்பத்தில் 345. வோல்டேஜ் இறங்கியதால் ஆம்பியர் ஏறுகிறது. ஆம்பியர் ஏறியதால் வோல்டேஜ் இன்னும் இறங்குகிறது. ஓமின் கணக்கும் வாட் கணக்கும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும் இடம் இது. ஊரில் ‘லோ வோல்டேஜ்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

9 ஆம்பியரில் காயிலுக்குள் என்ன நடக்கிறது? 9-ஐ 7.6-ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 1.4. காயிலில் வழக்கத்தைவிட 40 விழுக்காடு அதிக வெப்பம். செம்பு சூடானால் அதன் தடையும் உயரும், அதனால் சூடு மேலும் கூடும். கம்பிக்கு மேல் பூசிய எனாமல் முதலில் பழுக்கும், பிறகு கருகும், ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒட்டிக்கொள்ளும். கொட்டகைக்குள் நுழைந்தவுடனே அந்த வாசனை காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கே கருகிய காயிலை உளியால் வெட்டியெடுத்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே கேஜ் கம்பியில் புதிதாகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். நாற்று வாடும் நாளில் இந்தக் காத்திருப்பு எத்தகையது என்று விவசாயிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னும் கொடிய நேரம் ஒன்று உண்டு. மின்சாரம் போய் மறுபடி வரும் நேரம். நின்றிருக்கும் மோட்டாரின் காயிலுக்குத் தடை சில ஓம்தான். ஓடத் தொடங்கிய பிறகு அதற்குள்ளேயே எழும் எதிர் மின்னழுத்தம்தான் ஆம்பியரைக் கட்டுக்குள் வைக்கிறது. புறப்படும் கணத்தில் அந்தக் காவல் இல்லை. எனவே நேரடியாகப் போட்டால் வழக்கத்தைப்போல் ஆறு மடங்கு, 45 ஆம்பியர் வரை இழுக்கும். ஐந்து கொட்டகையிலும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்து ஐந்தும் ஒரே நொடியில் கிளம்பினால் லைன் தாங்குமா? வோல்டேஜ் தரையைத் தொடும். மோட்டார் சுற்ற முடியாமல் உறுமும். ஃபீஸ் கட்டையில் சரியான கம்பி இருந்தால் அது உருகி மோட்டாரைக் காப்பாற்றும். அடிக்கடி ஃபீஸ் போகிறதே என்ற எரிச்சலில் தடித்த கம்பியை முறுக்கி வைத்திருந்தால் ஃபீஸ் தப்பிக்கும், காயில் போகும். இதைச் செய்பவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் என்று இருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் பாய்ச்சல். ஆனாலும் அது ஆபத்து. மோட்டார்க் கூட்டில் மின்சாரம் ஏறினால், எர்த் சரியாக இருக்கும் கொட்டகையில் ஈரக்காலோடு நிற்பவர் உயிருக்கும் அதே ஃபீஸ் ஒரு காவல். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் வைத்தால் புறப்படும்போது இழுப்பது மூன்றில் ஒரு பங்காகும். பக்கத்துக் கொட்டகைக்காரருக்கும் அது உதவி.

கம்பியில் வீணானதையும் பார்த்துவிடுவோம். ஒரு பேஸுக்கு 45-இன் வர்க்கத்தை 0.9-ஆல் பெருக்க வேண்டும். மூன்று பேஸுக்கும் சேர்த்து 5,467 வாட். ஐந்து மோட்டார் ஓடும் லைனில் ஆறாவது மோட்டார் ஒன்று எடுத்துக்கொள்வதைவிட அதிகமான மின்சாரம் ஆகாயத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் ஒரு குழி நிலமும் நனையவில்லை.

வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு கெப்பாசிட்டர் மாட்டினால் பவர் ஃபேக்டர் 0.85-இலிருந்து 0.95-க்கு உயரும், லைனில் ஓடும் ஆம்பியர் பத்தில் ஒரு பங்கு குறையும், கம்பி இழப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். சின்னச் செலவு. பெரிய வழி, 22 கேவி கம்பியையே வயல்வரைக்கும் கொண்டுவந்து அங்கே சிறிய மின்மாற்றியை நிறுத்துவது. 415 வோல்ட்டில் போகிற அதே மின்திறன் 22,000 வோல்ட்டில் போனால் ஆம்பியர் 53-இல் ஒரு பங்கு. அதே கம்பியில் இழப்பு, 53-இன் வர்க்கத்தில் ஒரு பங்கு, அதாவது 2,800-இல் ஒன்று. வில்லியனூரிலும் பாகூரிலும் 230 கேவி துணை மின்நிலையங்கள் நிற்பதற்கும் காரணம் இதே கணக்குதான். தொலைவிலிருந்து வரும் மின்சாரத்தை அவ்வளவு உயர்ந்த வோல்டேஜில் கொண்டுவந்தால்தான் வழியில் கரையாமல் வந்து சேரும். அந்த நியாயம் துணை மின்நிலையத்தின் வேலியோடு நின்றுவிடாமல் வயல்வரை நீள வேண்டும் என்பதுதான் என் கட்சி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் இந்தக் கரையில் கம்பங்களைச் சாய்த்துப்போட்டதே, அப்படி லைனை மறுபடி இழுக்க நேரும்போதெல்லாம் இதைக் கேட்டு வாங்க ஒரு வாய்ப்பு இருக்கிறது.

கேட்பதற்குச் சட்டமும் இருந்தது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 54-ஆவது விதி, தாழ்வழுத்த இணைப்பில் வோல்டேஜ் ஆறு விழுக்காட்டுக்கு மேல் மாறக் கூடாது என்றது. 415-இல் ஆறு விழுக்காடு போனால் 390. அதாவது பேஸுக்கு 14 வோல்ட் சொச்சம்தான் வழியில் போகலாம். அதை 0.9 ஓமால் வகுத்தால் 16 ஆம்பியர். 5 ஹெச்.பி. மோட்டார் 390 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுக்கும். ஐந்து மோட்டார் தொங்கிய நம் மாதிரி லைனில் விதிப்படி ஓட இடமிருந்தது இரண்டுக்குத்தான். மற்ற மூன்றுக்கும் வேறு மின்மாற்றி கேட்டு மனு கொடுப்பவர், கடைசிக் கம்பத்தில் எந்த நேரத்தில் எத்தனை வோல்ட், எத்தனை கம்பத் தொலைவு, எத்தனை மோட்டார் என்ற மூன்று எண்களையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும். டாங் டெஸ்டர் என்ற கவ்வி மீட்டர் வைத்திருக்கும் எந்த எலக்ட்ரீஷியனும் ஒரு காலை நேரத்தில் அளந்து கொடுத்துவிடுவார்.

அடுத்த பகுதியில், மீட்டர் இல்லாமல் ஹெச்.பி. கணக்கில் கட்டணம் விதித்த காலம்.

(தொடரும்)